வெள்ளச்சிக்கு மூச்சு முட்டிய வாரம்

ரவாங்கிலிருந்து ஜெஞ்சாரோம் வரை ஓடுகிற கார்களில், சீதாலெட்சுமி ஆன்டியிடம் பொய் சொல்லித் தப்பித்த எஞ்சின் ஒன்றுகூடக் கிடையாது. ஜப்பானில் எஞ்சின் வரைகிறவர்களில் மூத்தவர் இளையவரைக் கூப்பிட்டு, கிள்ளானில் ஓர் அம்மா இருக்கிறார், அவர் காதில் விழுந்துவிடாமல் பார்த்து வரை என்று எச்சரிப்பதாகக் கேள்வி. கேள்வி என்றால், நான் சொல்லி நானே கேட்டது. அவர் தன் காரின் போனட்டைத் திறந்தால், பக்கத்து வீட்டுக் காரும் பயந்துபோய் உண்மையைக் கக்கிவிடும். ஒருமுறை அவர் சாலையைக் கடக்கும்போது, சிவப்பு விளக்கில் நின்ற சிமெண்ட் லோரி ஒன்று தானாக இருமி, மன்னிப்புக் கேட்டு, ஓரமாகப் போய் நின்றது. இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனாலும் சத்தியம் செய்யத் தயார்.

இத்தனைக்கும் அவர் மெக்கானிக் இல்லை. முப்பத்து நாலு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். கிள்ளானில், வரிசை வீடுகளில், எங்களுக்கு அடுத்த வீடு. வீட்டுக்காரர் காலமாகி எட்டு வருஷம். மகன் ராஜன் அண்ணன் கல்யாணமாகிச் செமினிக்குப் போய்விட்டார். ஓய்வு பெற்ற தாதிக்கு நோயாளி இல்லாவிட்டால் கை நடுங்குமாம். மிச்சம் இருந்தது தொண்ணூற்று இரண்டாம் வருஷத்து வெள்ளைக் கார் ஒன்றுதான். பெயர் வெள்ளச்சி. 'அவர் விட்டுட்டுப் போனதுல இன்னும் சத்தம் போடுறது இது மட்டும்தான்' என்று ஆன்டி வீட்டுக்காரரையும் காரையும் ஒரே வாக்கியத்தில் நலம் விசாரிப்பார்.

எங்கள் வரிசையில் பிறந்த ஏழு குழந்தைகளுக்காக அம்மாக்கள் ஆஸ்பத்திரிக்குப் போனது வெள்ளச்சியில்தான். நான் ஐந்தாவது. நான் அவசரப்பட்டுவிட்டேனாம். ஆற்றுப் பாலத்தின் மேலே, நெரிசலில், பின்சீட்டிலேயே வெளியே வரப் பார்த்தேனாம். ஆன்டி ஸ்டியரிங்கை விடாமல் தலையை மட்டும் திருப்பி, 'கொஞ்சம் பொறு' என்றாராம். பொறுத்தேன். பெரியவர்கள் சொன்னதை நான் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் என்பார் அம்மா. மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்துக்கு நான் டாட்டா காட்டியதை மனதில் வைத்துச் சொல்வது.

போன ஆயுத பூஜைக்கு ஆன்டி வெள்ளச்சியைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, கோயில் ஐயரை வரவழைத்தார். போனட்டைத் திறந்து எஞ்சினுக்கும் தீபம் காட்டியே ஆக வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். வேலை செய்கிறவன் உள்ளே இருக்கிறான், மாலை மட்டும் வெளியே இருப்பவனுக்கா என்று கேட்டார். ஐயரும் குனிந்து, பேட்டரிக்குப் பொட்டு வைத்தார். பிறகு சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்து, ஆன்டியே காரை ஏற்றி நசுக்கினார். சுண்டல் நன்றாக இருந்தது.

அதற்கப்புறம்தான் வெள்ளச்சிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. திருஷ்டி கழித்த பிறகு திருஷ்டி பட்ட ஒரே கார் இதுதான் என்றார் அம்மா. நின்ற இடத்தில் பூனை மாதிரி கர் கர் என்று இருக்கும். சமதரையில் மெதுவாகப் போனால் ஒரு குறையும் இல்லை. ஏற்றம் வந்து மிதித்தால் போச்சு. இருமல், திணறல், பின்னால் கறுப்புப் புகை. மிதியிலிருந்து காலை எடுத்தால் மறுபடியும் நல்ல பிள்ளை.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராஜன் அண்ணன் முன்சீட்டில் இருக்கும்போதே, அதே ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் வெள்ளச்சி மூச்சு முட்டி நின்றுவிட்டது. துறைமுகத்துக்குப் போகிற லோரிகள் பின்னால் வரிசைகட்டி ஹாரன் அடித்தன. ராஜன் அண்ணன் இறங்கித் தள்ளினார். புதுச் சட்டை. வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே தீர்ப்புச் சொன்னார். அவர் சத்தமாகச் சொன்னதால் நான் மதில் ஓரமாக நின்று கேட்டேன். சத்தமாகச் சொல்லாவிட்டாலும் கேட்டிருப்பேன்.

"ம்மா, இது காரே இல்ல, கண்காட்சி. அடுத்த ஞாயிறு வரேன். நான் பக்கத்துல உக்காருவேன், நீங்க அதே பாலத்துல ஏத்துங்க. ஒரு தடவ இருமினாலும் சாவிய குடுத்துட்டு என்னோட செமினிக்குக் கிளம்பிடணும்."

"இருமலேன்னா?"

"வாய மூடிக்கிறேன்."

"எத்தன நாளைக்கு?"

ராஜன் அண்ணன் யோசித்துப் பார்த்து, வந்து அழைத்துப்போ என்று நீங்களே கூப்பிடுகிற வரைக்கும் என்றார்.

செமினியில் ஆன்டிக்கு ஏர்கான் போட்ட அறை தயாராக இருந்தது. கார் நிறுத்தத்தான் இடம் இல்லை. அவர் போய்விட்டால் எனக்கும் ஒரு நஷ்டம் இருந்தது. நான் யார் வீட்டு மணியை அடித்துவிட்டு ஓடுவது? எட்டு வயதிலிருந்து பழகிய மணி. மற்ற வீடுகளில் துரத்துவார்கள், அம்மாவிடம் சொல்வார்கள். ஆன்டி மட்டும் கதவைத் திறந்து, காலி வாசலைப் பார்த்து, 'யாரும் இல்லையா, சரி, மைலோ ஆறிடும்' என்று காற்றிடம் சொல்லிவிட்டு உள்ளே போவார். கொஞ்ச நேரம் கழித்து நான் தற்செயலாக அந்தப் பக்கம் வருவேன்.

மறுநாளே வெள்ளச்சி அட்மிட் ஆகிவிட்டாள். கார் நிற்கும் இடத்துச் சுவரில் ஓர் அட்டை தொங்கியது. பெயர், வயது, முறையீடு. முறையீட்டுக்கு நேரே, 'ஏறும்போது மூச்சு வாங்குது, படுத்தால் சரியாகுது' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே கட்டம் போட்டு நேரம், ஏற்றம், புகையின் நிறம். காலையிலும் மாலையிலும் பக்கத்து மேட்டுச் சாலை வரை ஓட்டிப்போய் வந்து கட்டத்தை நிரப்பினார். நிறம் என்ற கட்டத்தில் நான் ஒருநாள் 'ரோஸ்' என்று எழுதிவைத்தேன். ஆன்டி அதை அடித்துவிட்டு, 'பார்வையாளர் நேரம் முடிந்தது' என்று பக்கத்தில் எழுதினார்.

முச்சந்தியில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் லோகன் அண்ணன், பூஜையன்றும் போனட் பக்கத்தில் நின்றவர், பார்க்க வந்தார். ஆன்டியை அவர், ஆஸ்பத்திரியில் தாதிகளைக் கூப்பிடுகிற மாதிரி, மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார். போனட்டைத் திறந்து, மோந்து பார்த்து, ஒரு தடவை மிதித்துப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டார்.

"மிஸ்ஸி, கார்புரேட்டர் போச்சு. அத மாத்தணும். இல்லாட்டி எஞ்சின மாத்திடலாம். அதுவும் இல்லாட்டி கார மாத்திடலாம்லா."

"லோகா, தலைவலின்னு ஒருத்தர் வந்தா தலைய மாத்துவியா நீ?"

லோகன் அண்ணன் சிரித்தார். ஆனால் போகவில்லை. என்ன செய்யப் போகிறார் என்று பார்க்க ஆசை. ஆன்டி உள்ளே போய்ப் பழைய ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அதன் மேல் இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று வைத்துக் கேட்டார். காதால் தேடுகிறபோது அவர் கண் எங்கேயோ தூரத்தில் இருக்கும். நான் காரின் பின்னால் குனிந்து உட்கார்ந்து, மெல்லிய குரலில், 'ஆன்டி, வலிக்குது' என்று முனகினேன். ஆன்டி காதுக் கருவியை எடுக்கவே இல்லை. ஊசி போட்டால் சரியாகிவிடும், பின்பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல் என்றார்.

அடுத்தது ரப்பர் கையுறை. ஓடுகிற எஞ்சினில் நாலு ஸ்பார்க் பிளக்குக்கும் போகிற நாலு வயர்களில் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒரு வயரைக் கழற்றினால் எஞ்சின் தள்ளாட வேண்டும். தள்ளாடினால் அந்தப் பிளக் இருக்கிற எஞ்சின் அறை ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். தள்ளாடாவிட்டால் அதுதான் நோயாளி. நாலுக்கும் எஞ்சின் ஒரே மாதிரி தள்ளாடியது. உதவி செய்கிறேன் என்று லோகன் அண்ணன் கையுறை இல்லாமல் ஐந்தாவது தடவையாக ஒன்றைத் தொட்டு, தன் குலதெய்வத்தின் பெயரை முழுதாகச் சொன்னார்.

எஞ்சின் ஆறிய பிறகு பிளக்குகளைக் கழற்றி, வெள்ளைத் துணி விரித்து வரிசையாக வைத்தார். நாலின் நுனியும் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. நாக்கைப் பார்த்து வயிற்றைச் சொல்கிற மாதிரி ஆன்டி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெட்ரோல் முழுதாக எரியவில்லை, அதனால்தான் கரி என்று லோகன் அண்ணன் சொன்னார். அதனால்தான் கார்புரேட்டர் என்று மறுபடியும் ஆரம்பித்தார்.

"வார்டுல நாலு பிள்ளைங்களும் ஒரே நேரத்துல வாந்தி எடுத்தா, பிள்ளைங்கள பாக்கக் கூடாது லோகா. சாப்பாட்ட பாக்கணும். இதுங்களுக்கு ரெண்டே சாப்பாடுதான். பெட்ரோல், காத்து."

பெட்ரோல் வடிகட்டியை மாற்றினார். மேட்டுச் சாலையில் வெள்ளச்சி பழையபடி இருமினாள். அட்டையில் மாற்றம் இல்லை என்று எழுதினார். கார்புரேட்டரையும் விடவில்லை. லோகன் அண்ணனை வைத்தே கழற்றிச் சுத்தம் செய்து பூட்டினார். மாற்றம் இல்லை. அதற்குள் புதன் போய் வியாழனும் போய்விட்டது. வியாழன் மாலை ஆன்டி அலமாரியிலிருந்து பெரிய பெட்டி ஒன்றை இறக்கித் தூசி தட்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துணி எதுவும் வைக்கவில்லை. திறந்துவைத்துவிட்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நான் மணி அடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் அவர் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றினார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவரே புதிதாகப் போட்டது என்பதால் அதுவரை யாரும் அதைத் தொடவில்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது. புதுசு மாதிரி இருக்கிறதே மிஸ்ஸி, இதில் ஒரு கோளாறும் இல்லை என்றார் லோகன் அண்ணன். ஆன்டி அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போர்ட் லோரி போற ரோட்டுல பத்து நாளுக்கு மேல ஓடின ஃபில்டர் இது. என் நரைமுடியே கறுத்துப் போற தூசு. இது எப்படி வெள்ளையா இருக்கும்?" ஃபில்டரை லோகன் அண்ணன் கையில் கொடுத்தார். "இது சுத்தம் இல்ல லோகா. பட்டினி."

காற்று வந்தால்தானே தூசு வரும். ஃபில்டருக்கு முன்னாலேயே எங்கேயோ காற்று தடைபடுகிறது. அங்கே இருந்தது ஒரு குழாய்தான். காரின் முன்பக்கத்திலிருந்து காற்றை இழுத்து வருகிற கறுப்புக் குழாய். ஆன்டி அதை மூக்கு என்றார். இருட்டுகிறது, இன்றைக்கு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜன் எதிரிலேயே மூக்கைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்றார். நாளைக்குத் தான் பிரிக்ஃபீல்ட்ஸ் போவதாகவும், பழைய வார்டு ஆட்கள் எல்லாரும் வாழை இலையில் சாப்பிடக் கூடுவதாகவும், காலை ரயிலில் போனால் சாயந்தரம்தான் வருவேன் என்றும் சொன்னார். இதைச் சொல்ல அவ்வளவு சத்தம் தேவையில்லை. கடைசி வீட்டு நாய்கூடத் திரும்பிப் பார்த்தது.

ஒரு சின்ன விஷயத்தை நான் சொல்ல மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றால், நீங்கள் கேட்கவில்லை.

பூஜைத் தட்டில் இருந்த எலுமிச்சம்பழம் நாலு இல்லை, அதிகம். நல்ல மஞ்சள் பழங்கள். சக்கரத்தில் நசுக்குவதற்கு இவ்வளவு எதற்கு, ஆசாம் போய் என்கிற புளிப்பு வற்றல் பழம் போட்டுக் கலக்கினால் ஒரு டம்ளர் ஜூஸ் ஆகுமே என்று நினைத்து, எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிடுகிற நேரத்தில் ஒன்றை எடுத்தேன். ஆன்டி சட்டென்று திரும்பினார். என் கால்சட்டையில் பை இல்லை. போனட் திறந்திருந்தது. பக்கத்தில் ஓர் ஓட்டை இருந்தது. பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டேன். பிறகு சுண்டல் வந்தது.

'மூக்கு' என்று ஆன்டி சொன்ன நொடியில்தான் அந்தப் பழம் என் ஞாபகத்தில் உருண்டது. எல்லாம் புரிந்தது. கார் நிற்கும்போது பழம் குழாயில் சும்மா கிடக்கும். ஏற்றத்தில் எஞ்சின் பலமாக மூச்சை இழுத்தால், உருண்டு போய்க் குறுகலான இடத்தில் அடைத்துக்கொள்ளும். காலை எடுத்தால் மறுபடியும் விழுந்துவிடும். நாலு நாளாக நான் ரோஸ் புகை, முனகல் என்று விளையாடிக்கொண்டிருந்தேன். ஆன்டி பெட்டியைத் திறந்துவைத்து அதன் எதிரே உட்கார்ந்திருந்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் லோகன் அண்ணன் நின்றிருந்தார். அதுவும் இல்லாமல், ராஜன் அண்ணன் எதிரில் காரின் மூக்கிலிருந்து எலுமிச்சம்பழம் விழுந்தால், ஆன்டியால் இனிமேல் காரைப் பார்த்துக்கொள்ள முடியாது என்பதற்கு அதுவே போதும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பழம் காணாமல் போய்விட்டால் யாருக்கும் கஷ்டம் இல்லை. எனக்கும் உதை இல்லை. உதைதான் பெரிய காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை ஆன்டி ரயிலுக்குப் போனதும் மதிலைத் தாண்டினேன். வெள்ளச்சியின் கதவைப் பூட்டினாலும் ஒன்றுதான், பூட்டாவிட்டாலும் ஒன்றுதான். போனட்டைத் திறந்து குழாய்க்குள் கையை விட்டேன். முழங்கை வரை போனது. பழம் இல்லை. ஏதோ ஈரமாக ஒட்டியது. கையை வெளியே எடுத்தால் மூன்று விரல் ஊதா நிறம்.

சோப்புப் போட்டேன், பாத்திரப் பொடி போட்டேன், எண்ணெய் போட்டேன். ஊதா இன்னும் பளபளப்பானது. அம்மாவிடம் டிராகன் பழம் சாப்பிட்டேன் என்றேன். யார் வீட்டில் என்று கேட்டார். ஆனால் எனக்கு விரலைப் பற்றிக் கவலை இல்லை. பழம் குழாயில் இல்லை என்றால் உள்ளே போயிருக்க வேண்டும். வெள்ளச்சி அதை விழுங்கிவிட்டாள். நாளைக்குப் பாலத்தில் மூச்சு முட்டாது, மூச்சே போய்விடும்.

சாயந்தரம் ஆன்டி வந்ததும் போய் மணி அடித்தேன். ஓடவில்லை. கதவு திறந்தது. ஆன்டி என்னைப் பார்த்தார், நான் ஆன்டியைப் பார்த்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சொல்ல வேண்டியதை எல்லாம் வாய் வரை கொண்டுவந்தேன்.

"மணி வேல செய்யுதான்னு பாத்தேன் ஆன்டி."

நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டு, அவர் என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ராஜன் அண்ணன் வந்தார். இந்தத் தடவை பழைய சட்டை. மூக்கைக் கழற்றிப் பார்க்கலாம் என்று சொன்னீர்களே ஆன்டி என்று நான் மெதுவாக ஞாபகப்படுத்தினேன். வேண்டாம், நேரே பாலத்துக்குப் போகலாம் என்றவர், என்னையும் பின்சீட்டில் ஏறச் சொன்னார். ஏற்றத்துக்கு எடை வேண்டுமாம். கையைப் பையில் விட்டுக்கொண்டு ஏறினேன். இன்றைக்குப் பை வைத்த கால்சட்டை.

பாலத்தின் அடியில் ஆன்டி கியரை மாற்றி மிதித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பதினேழு வருஷத்துக்கு முன்னால் பொறு என்று ஆன்டி சொன்ன அதே இடம் அதே சீட்டின் கீழே போய்க்கொண்டிருந்தது. வெள்ளச்சி, கொஞ்சம் பொறு என்று நானும் சொல்லிப் பார்த்தேன், மனதுக்குள். ராஜன் அண்ணன் டாஷ்போர்டு பக்கமாகக் காதைச் சாய்த்து, இருமலுக்காகக் காத்திருந்தார். எஞ்சின் சத்தம் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. ஒரு லோரியைத் தாண்டினோம். ஆமாம், தாண்டினோம். லோரிக்காரர் எட்டிப் பார்த்தார். கண்ணைத் திறந்தபோது ஆறு கீழே இருந்தது, பாலத்தின் உச்சி பின்னால் போய்விட்டது. ஏறி முடிக்கும்வரை ஒரே ஒரு இருமல்தான் கேட்டது. அது ராஜன் அண்ணனுடையது.

"யாருக்கு இருமல்னு பாத்தியா?" என்றார் ஆன்டி, சாலையைப் பார்த்தபடியே.

ராஜன் அண்ணன் வாயை மூடிக்கொண்டார். அக்கரையில் ஒரு கடையில் நிறுத்தினோம். தோற்ற மனிதர் நல்ல மனிதர், அவரே போய் ஆசாம் போய் போட்ட எலுமிச்சை ஜூஸ் மூன்று டம்ளர் வாங்கிவந்தார். என் டம்ளரை நீட்டினார். நான் இடது கையை நீட்டினேன்.

"பெரியவங்க குடுக்குறத வலது கையில வாங்குடா" என்றார் ஆன்டி.

வலது கையில் வாங்கினேன். மூன்று ஊதா விரல்கள் டம்ளரைச் சுற்றி வரிசையாக நின்றன. ராஜன் அண்ணன் கையில் என்ன என்று கேட்டார். டிராகன் பழம் என்றேன். ஆன்டி மகனை ரொட்டி சொல்லிவிட்டு வரும்படி அனுப்பினார். அவர் போனதும் கைப்பையைத் திறந்து, ஆஸ்பத்திரியில் சோதனைக்கு எடுக்கிற சின்னப் பாட்டில் ஒன்றை மேசைமேல் வைத்தார். உள்ளே பழுப்பேறி, சுருங்கி, என் எலுமிச்சம்பழம்.

"ஆப்பரேஷன் முடிஞ்சா பஞ்ச எண்ணிப் பாக்காம தையல் போட மாட்டோம் நாங்க. அன்னிக்குத் தட்டுல ஆறு பழம் வெச்சேன். சக்கரத்துக்கு நாலு, ஐயருக்கு ஒண்ணு. ஒண்ணக் காணோம். வெள்ளிக்கிழம நீங்கல்லாம் போனதும் மூக்கக் கழட்டினேன், இருந்துச்சு. போனட் கிட்ட அன்னிக்கு நின்னது ஐயர், லோகன், நீ. யாருன்னு தெரியல. அதான் குழாய்க்குள்ள புண்ணுக்குப் போடுற ஊதா மருந்தத் தடவிட்டு ரயில் ஏறினேன்."

பாட்டிலில் சீட்டு ஒட்டியிருந்தது. நோயாளி: வெள்ளச்சி. எடுத்த இடம்: மூக்கு. வைத்தவர் என்ற இடம் காலியாக இருந்தது. ஆன்டி பேனாவைத் தள்ளினார். ராஜன் அண்ணனிடம் சொல்லுவீர்களா என்று கேட்டேன். வார்டில் நடப்பது வார்டோடு என்றார். தைரியம் வந்து, வைத்தவர் என்ற இடத்தில் 'தெரியாது' என்று எழுதினேன்.

ஆன்டி கண்ணாடியை இறக்கிப் படித்தார். அடிக்கவில்லை, திருத்தவும் இல்லை. பாட்டிலைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஒம்பது வருஷமா மணி அடிச்சிட்டு ஓடுற ஆளு, நேத்து அடிச்சிட்டு நின்னே. அப்பவே நெனச்சேன், இவனுக்கும் எங்கயோ அடைச்சிருக்குன்னு."